வெந்நீர் ஊற்றும் வறண்ட கிணறும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, கோவை மாவட்டத்தை ஒட்டி வடகரப்பதி என்னும் ஊர் இருக்கிறது. கேரள மாநிலத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்ததாயினும், அங்கே தமிழ் பேசும் மக்கள் மிகுதி. மழை குறைந்த பகுதியாதலின் குடியானவர்களுக்குக் கிணற்று நீரே உயிர். இத்தகைய பாறை நிலங்களில், ஆழ்துளைக் கிணறு இறக்குமுன் பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி நீரோட்டம் பார்க்கும் முறை ஒன்று உண்டு. இமயத்தின் வெந்நீர் ஊற்றுகளை ஆராயவும் அம்முறையே கைகொடுத்தது.

வெந்நீர் ஊற்று நேயர்களுக்குப் புதிதன்று. மும்பையில் வாழ்வோர் வஜ்ரேசுவரிக்கும், டில்லியில் வாழ்வோர் சோனாவுக்கும், கொல்கத்தாவில் வாழ்வோர் வக்ரேசுவரத்துக்கும் சென்று நீராடியிருக்கலாம். பழங்காலத்தார் இவற்றைத் தீர்த்தங்களாகப் போற்றினர். பின்னர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவரான தாமஸ் ஓல்டாம் இவற்றைத் தொகுத்துப் பட்டியலிட்டார். சுமார் 300 ஊற்றுகள் கொண்ட அந்நூல், அவர் மறைந்தபின் அவருடைய மகனால் செப்பம் செய்யப்பட்டு 1882இல் வெளிவந்தது. ஆயினும் அது மேற்பரப்பில் கண்ட செய்தியே. நீர் எத்தனை ஆழத்தில் சூடேறுகிறது என்பதை அது கூறவில்லை.

தோண்டாமலே ஆழத்தை அறிய வழி என்ன? பிரெஞ்சு அறிஞர் கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912ஆம் ஆண்டளவில் அதற்கான சோதனைகளைச் செய்தார். நான்கு உலோகக் கோல்களைத் தரையில் வரிசையாக ஊன்றுவர். வெளிக்கோல்கள் இரண்டும் மின்சாரத்தைச் செலுத்தும்; உட்கோல்கள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். வெளிக்கோல்களின் இடைவெளியை அகற்ற அகற்ற, இன்னும் ஆழத்துச் செய்தி கிட்டும். உலர்ந்த கருங்கல் மின்சாரத்தைத் தடுக்கும். உப்புக்கள் கரைந்த வெந்நீரோ எளிதில் வழிவிடும்.

இந்திய அரசு 1966இல் வெந்நீர் ஊற்றுகளை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. 1973இல் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் விரிவான ஆய்வு தொடங்கியது. கடல்மட்டத்திற்குமேல் 4,400 மீட்டர் உயரம். அங்கே 84 டிகிரி வெப்பத்திலேயே நீர் கொதித்துவிடும். மின்தடை குறைந்த அடுக்கு ஒன்று தரைக்கு அருகிலேயே இருப்பதை அளவீடு காட்டிற்று. துளையிட்டபோது கொதிநீரும் ஆவியும் பீறிட்டன. ஆயினும் அத்துளைகளுள் மிக ஆழமானதே 385 மீட்டர்தான். பின்னாளில் ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகத்தார், பூமியில் இயற்கையாகவே எழும் மின்காந்த அலைகளை அளந்தனர். சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்திலும் மின்தடை குறைந்த பகுதி இருப்பது தெரியவந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஈரக் களிமண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே கருவி காட்டுவது குறிப்பே, தீர்ப்பளிப்பது துளைதான். பூகாவில் கணிப்புப் பிழைத்தால் அரசின் பொருள் வீணாகும். வடகரப்பதியில் பிழைத்தால் குடியானவரின் கடன் ஏறும். விஞ்ஞானம் நிலத்தினுள் கண் வைத்துப் பார்க்கட்டும். ஆனால் கண்டதற்கு மேல் வாக்குறுதி தராதிருப்பதே அதற்கு அழகு.