கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ் - வாசகர் எதிர்வினைகள்

கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ் (பெரும் எதிர்பார்ப்புகள்) என்பது ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸ் எழுதிய புதினம் ஆகும். இது 1860-61 ஆண்டுகளில் தொடராகவும் 1861 இல் நூலாகவும் வெளிவந்தது. ஏழைச் சிறுவன் ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையை அவனே கூறுவதாக அமைந்துள்ளதால், இது வளர்ச்சிப் புதினம் என்னும் வகையின் முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தன்னை வளர்த்தவருக்குச் செய்ந்நன்றி மறந்த ஒருவனுக்கு இறுதியில் இன்பமான வாழ்வு தகுமா என்னும் கேள்வி இப்புதினத்தின் வாசகர்களைத் தொடர்ந்து பிரித்து வந்துள்ளது. நூல் அச்சேறும் முன்னரே ஒரு வாசகரின் கருத்துக்கு இணங்கி இதன் முடிவு மாற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கதைச் சுருக்கம்

பெற்றோரை இழந்த பிப், கென்ட் பகுதியின் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊரில் தமக்கையாலும் அவளுடைய கணவரான கொல்லர் ஜோ கார்ஜரியாலும் வளர்க்கப்படுகிறான். ஒருநாள் தப்பியோடிய கைதி ஒருவனுக்கு உணவும் அரமும் திருடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பின்னர், திருமண நாளில் கைவிடப்பட்டு, அன்று உடுத்த மணக்கோல உடையுடனேயே வாழும் மிஸ் ஹாவிஷாம் என்னும் செல்வச் சீமாட்டியின் வீட்டுக்குச் செல்கிறான். அவளுடைய வளர்ப்பு மகள் எஸ்டெல்லா அவனை இழிவாக நடத்துகிறாள். அன்று முதல் பிப் தன் வீட்டையும் தொழிலையும் எண்ணி வெட்கப்படத் தொடங்குகிறான்.

பெயர் கூற விரும்பாத ஒருவரிடமிருந்து அவனுக்குப் பெருஞ்செல்வம் வந்து சேர்கிறது. அதை அளிப்பவர் மிஸ் ஹாவிஷாம் என நம்பும் பிப், இலண்டன் சென்று கனவானாக வாழ்கிறான்; ஜோவைப் புறக்கணிக்கிறான். உண்மையில் பணம் அனுப்பியவன் சிறுவயதில் அவன் உதவிய கைதியான மாக்விச். அவன் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே பொருள் ஈட்டியவன். தடையை மீறித் திரும்பிவரும் மாக்விச் பிடிபட்டுச் சிறையில் இறக்கிறான். செல்வம் முழுவதும் பறிபோகிறது. நோயுற்ற பிப்பைப் பேணுபவரும் அவன் கடனை அடைப்பவரும் ஜோவே.

தலைப்பில் உள்ள 'எக்ஸ்பெக்டேசன்ஸ்' என்னும் சொல் அக்கால ஆங்கிலத்தில் ஒருவருக்கு வரவிருக்கும் மரபுரிமைச் சொத்தையும் குறித்தது. எனவே தலைப்பு பிப்பின் கனவு, அவன் எதிர்பார்த்த பணம் ஆகிய இரண்டையும் சுட்டுகிறது.

முதல் வாசகர்கள்

டிக்கின்ஸ் தாமே நடத்திய 'ஆல் த இயர் ரவுண்ட்' என்னும் வார இதழில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகத்து 3 வரை 36 பகுதிகளாக இப்புதினம் வெளிவந்தது. அப்போது அவ்விதழில் சார்லஸ் லீவர் எழுதிய தொடர் வாசகர்களைக் கவராததால் விற்பனை குறைந்து வந்தது. மாத இதழுக்கென நினைத்திருந்த கதையை வாரத் தொடராக மாற்றி டிக்கின்ஸ் உடனடியாக வெளியிட்டதற்கு இதுவே காரணம். இதழின் விற்பனையும் மீண்டது. ஆகவே, இப்புதினத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததில் வாசகர்களுக்குத் தொடக்கத்திலேயே பங்கு இருந்தது எனலாம். அமெரிக்காவில் இது 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் படங்களுடன் வெளிவந்தது.

இதழின் விலை இரண்டு பென்னி மட்டுமே. அக்காலத்தில் மூன்று தொகுதிப் புதினம் ஒன்றின் வழக்கமான விலையோ 31 சில்லிங் 6 பென்சு. இதனால் நூலை விலைகொடுத்து வாங்க இயலாதவர்களும் வாரந்தோறும் கதையைப் படித்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாரம் காத்திருந்த அவர்கள், பிப்பைப் போலவே செல்வத்தின் மூலத்தைத் தவறாக ஊகிக்க இடமிருந்தது. வாசகரின் ஆவலைத் தூண்டிக்கொண்டே அவர்களின் ஊகங்களை ஏமாற்றுவதில் டிக்கின்ஸ் பெற்ற வெற்றியை அமெரிக்கத் திறனாய்வாளர் எட்வின் விப்பிள் 1861 இல் பாராட்டினார்.

'த டைம்ஸ்' நாளிதழில் எழுதிய ஈ. எஸ். டல்லாஸ், டிக்கின்சின் பழைய நகைச்சுவை இதில் திரும்பியுள்ளதாக மகிழ்ந்தார். மாறாக, புதின எழுத்தாளர் மார்கரெட் ஆலிஃபன்ட் 1862 இல் 'பிளாக்வுட்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், இப்புதினம் சோர்வுற்ற கையால் எழுதப்பட்டது போல் வலுவற்று உள்ளது என்றும் மிஸ் ஹாவிஷாம் நம்பத்தகாத பாத்திரம் என்றும் குறை கூறினார்.

மாற்றப்பட்ட முடிவு

டிக்கின்ஸ் முதலில் எழுதிய முடிவில், பல ஆண்டுகளுக்குப் பின் பிப்பும் எஸ்டெல்லாவும் இலண்டன் தெருவொன்றில் தற்செயலாகச் சந்திக்கின்றனர். எஸ்டெல்லா கொடுமைக்காரனான முதல் கணவனை இழந்து, மருத்துவர் ஒருவரை மறுமணம் செய்துள்ளாள். பிப்புடன் இருக்கும் ஜோவின் மகனை அவள் பிப்பின் மகன் என எண்ணுகிறாள். பிப் அதைத் திருத்தவில்லை. சில சொற்களுடன் இருவரும் பிரிகின்றனர்.

1861 சூனில் அச்சுப்படியைப் படித்த டிக்கின்சின் நண்பரும் எழுத்தாளருமான எட்வர்ட் புல்வர்-லிட்டன் இம்முடிவை மாற்றுமாறு வற்புறுத்தினார். டிக்கின்சும் இணங்கினார். புதிய முடிவில் இருவரும் மிஸ் ஹாவிஷாமின் இடிந்த வீடு இருந்த இடத்தில் மாலைப்பொழுதில் சந்திக்கின்றனர். எஸ்டெல்லா மறுமணம் செய்யவில்லை. இருவரும் கைகோத்து வெளியேறுகின்றனர். இம்மாற்றத்தால் கதை வாசகர்களுக்குக் கூடுதலாக ஏற்புடையதாகும் என்று டிக்கின்ஸ் தம் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதினார்.

தொடரிலும் நூலிலும் புதிய முடிவே வெளியானது. பழைய முடிவை ஃபார்ஸ்டர் 1874 இல், தாம் எழுதிய டிக்கின்ஸ் வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார். அதுவே கதையின் இயல்பான போக்குக்குப் பொருந்துவது என்பது அவர் கருத்து. டிக்கின்ஸ் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே பொது வாசகர்கள் இரு முடிவுகளையும் ஒப்பிட முடிந்தது.

ஜார்ஜ் பெர்னாட் ஷா 1937 இல் தம் முன்னுரையுடன் வெளிவந்த பதிப்பில் பழைய முடிவையே சேர்த்தார். துன்பமாகத் தொடங்கித் துன்பமாகவே நகரும் கதைக்கு வழக்கமான இன்ப முடிவு பொருந்தாது என்றார். எனினும், புதிய முடிவின் இடமும் பொழுதும் கதைக்கு ஏற்றவை என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். ஜே. ஹில்லிஸ் மில்லர் 1958 இல் புதிய முடிவே கதையின் உண்மையான திசைக்கு நெருக்கமானது என வாதிட்டார்.

புதிய முடிவின் கடைசி வாக்கியமும் ஐயத்துக்கு இடமளிப்பதாகும். டிக்கின்ஸ் அதன் சொற்களைப் பிற்காலப் பதிப்பில் சற்று மாற்றினார். இருவரும் இணைந்தனர் என்று அவ்வாக்கியம் கூறவில்லை. பிரிவின் நிழல் பிப்பின் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மட்டுமே கூறுகிறது. கதை முழுவதும் பிப் தன் எதிர்காலத்தைத் தவறாகவே கணித்தவன். ஆதலால் இம்முறையும் அவன் தவறக்கூடும் எனச் சில வாசகர்கள் கருதுகின்றனர்.

பிப் குறித்த தீர்ப்புகள்

ஹம்ப்ரி ஹவுஸ் 1941 இல், பணம் ஒருவரின் பேச்சையும் பழக்கத்தையும் மதிப்பையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் காட்டும் சமூக ஆவணமாக இப்புதினத்தைப் படித்தார். ஜார்ஜ் ஆர்வெல் 1940 இல் எழுதிய கட்டுரையில், மாக்விச்சைக் கண்டு பிப் கொள்ளும் அருவருப்பைச் சுட்டிக்காட்டினார். அவனுடைய பணத்தைத் தொடக்கூடாது எனப் பிப் இயல்பாகவே எண்ணுவதில் டிக்கின்சின் சொந்த வகுப்பு உணர்வு வெளிப்படுவதாக அவர் கருதினார்.

ஜூலியன் மொய்னஹான் 1960 இல் வேறொரு வாசிப்பை முன்வைத்தார். பிப்பின் தமக்கையைத் தாக்கும் ஓர்லிக், பிப் வெளிக்காட்டாத சினத்தின் மறுவடிவம் என்றார். கியூ. டி. லீவிஸ் 1970 இல் பிப்புக்காகப் பரிந்து பேசினார். அக்காலச் சமூகத்தில் ஏழைச் சிறுவனுக்கு இருந்த நெருக்கடியை அறியாத இன்றைய வாசகர்கள் அவனை எளிதில் போலிக் கனவான் என ஒதுக்கிவிடுகின்றனர் என்பது அவரது வாதம்.

பிப்பைக் கடுமையாகக் கண்டிக்கும் வாசகர்கள் ஒன்றை மறந்துவிடுவதுண்டு. அவன் குற்றங்களை அவர்களுக்குத் தெரிவிப்பவன் அவனேதான். இலண்டனுக்கு வந்த ஜோவைக் கண்டு கூசியதை, நடுவயதை எட்டிய பிப் எதையும் மறைக்காமல் எழுதுகிறான்.

மாக்விச்சின் பக்கம்

எட்வர்ட் செயித் 1993 இல் வெளியிட்ட 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலில், ஆஸ்திரேலியாவைத் திரும்பி வரக்கூடாத இடமாக இப்புதினம் காட்டுவதை ஆராய்ந்தார். கைதி அங்கே செல்வனாகலாம். ஆனால் இங்கிலாந்தில் அவனுக்கு இடமில்லை.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் பீட்டர் கேரி 1997 இல் 'ஜாக் மாக்ஸ்' புதினத்தில் திரும்பி வந்த கைதியையே நாயகனாக்கினார். அதில் அவன் தன்னை மதிக்காத கனவானை விட்டு, ஆஸ்திரேலியாவில் உள்ள தன் பிள்ளைகளிடமே திரும்புகிறான். நியூசிலாந்து எழுத்தாளர் லாயிட் ஜோன்சின் 'மிஸ்டர் பிப்' (2006), 1990களின் போரின்போது முற்றுகைக்கு உள்ளான பூகன்வில் தீவில் ஓர் ஆசிரியர் டிக்கின்சின் புதினத்தைப் பள்ளிச் சிறுவர்களுக்குப் படித்துக் காட்டுவதை விவரிக்கிறது. அவர் கதையைச் சுருக்கியும் மாற்றியும் கூறியிருந்தார் என்பதை, பின்னாளில் மூலத்தைப் படிக்கும் மாணவி கண்டறிகிறாள்.

திரைப்படங்களும் வாக்கெடுப்புகளும்

டேவிட் லீன் இயக்கிய 1946 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் முடிவு மீண்டும் மாற்றப்பட்டது. பிப் மிஸ் ஹாவிஷாமின் அறைத் திரைகளைக் கிழித்து வெளிச்சத்தை உள்ளே விட்டு, எஸ்டெல்லாவை அழைத்துச் செல்கிறான். புதினத்தில் இல்லாத இக்காட்சி இரு முடிவுகளையும் விட மகிழ்ச்சியானது. 2016 இல் வெளிவந்த 'ஃபித்தூர்' என்னும் இந்தித் திரைப்படம் கதையைக் காசுமீரில் அமைத்தது.

2003 இல் பிபிசி நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பில் இப்புதினம் 17 ஆம் இடம் பெற்றது. பிபிசி 2015 இல் பிரித்தானியாவுக்கு வெளியே உள்ள திறனாய்வாளர்களிடம் சிறந்த பிரித்தானியப் புதினங்கள் பற்றி நடத்திய கணக்கெடுப்பில் 4 ஆம் இடம் பெற்றது. இன்றைய பதிப்புகள் பலவற்றில் புதிய முடிவு கதையின் பகுதியாகவும் பழைய முடிவு பின்னிணைப்பாகவும் அச்சிடப்படுகின்றன. இதனால் பிப்புக்குத் தகுந்த முடிவு எது என்பதை ஒவ்வொரு வாசகரும் இரண்டையும் படித்துத் தாமே முடிவு செய்ய இயலும்.