புனேக் கல்லூரியின் வானாராய்ச்சிக் கூடம்

நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில், சங்கம் நடத்தும் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கி, மாடியில் சிறியதொரு வானாராய்ச்சிக் கூடம் அமைக்க வேண்டுமென்று அன்பர் ஒருவர் கருத்துரைத்தார். அவையோர் கைதட்டி வரவேற்றனர். உடனே பேச்சு விலையின்பாற் சென்றது. எத்தனை அங்குலம், எந்த நாட்டுச் சரக்கு, யார் யார் எவ்வளவு தருவர் என்றெல்லாம் ஆராய்ந்தோம். வாங்கிய பின் அதனை யார் பேணுவார், யார் கற்பிப்பார் என்று ஒருவரும் கேட்டிலர். கேளாதவருள் யானும் ஒருவன்.

பள்ளியிறுதிக்கு மேல் பயிலாத இருப்புப்பாதைக் குமாஸ்தாவாகிய யான் வானநூல் வல்லவன் அல்லேன். ஆயினும் அன்றிரவு தோன்றிய ஐயத்தால் சில நூல்களைப் புரட்டினேன். நாம் பிழைக்க வந்து வாழும் இப்புனே நகரிலேயே, 1888-ஆம் ஆண்டில், ஒரு கல்லூரியைச் சார்ந்து வானாராய்ச்சிக் கூடம் ஒன்று எழுந்தது என்பதையும், அதன் பெருந்தொலைநோக்கி இறுதியில் நம் தமிழ்நாட்டு மலையொன்றைச் சென்று சேர்ந்தது என்பதையும் கண்டபோது வியப்புற்றேன். அவ்வரலாற்றை நம் உறுப்பினர் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

கொடை பிறந்த விதம்

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் காவஸ்ஜி தாதாபாய் நாயகாம்வாலா என்னும் பார்சி இளைஞர் பௌதிக விரிவுரையாளராய் இருந்தார். அவர் பிறந்தது 1857-இல். 1882-இல் பவநகர் மகாராஜா தக்தசிங்ஜி அக்கல்லூரியைக் காண வந்தார். அவரும் இளைஞரே, 1858-இல் பிறந்தவர். தம் சிறு நாட்டில் இருப்புப்பாதை அமைத்தவர். சாமல்தாஸ் கல்லூரி எழுந்ததும் அவர் ஆட்சியிலேதான். கல்லூரியைக் கண்டு மகிழ்ந்த மகாராஜா, நிறமாலை ஆராய்ச்சிக்கென ஒரு கூடம் அமைக்க 5,000 ரூபாய் வழங்கினார். பம்பாய் அரசாங்கமும் அதற்கு ஈடாக 5,000 ரூபாய் அளித்தது. ஆக, கைமுதல் 10,000 ரூபாய்.

நிறமாலை ஆராய்ச்சி என்பது யாது? சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியினூடே செலுத்தினால் அது வானவில்லைப் போல் பல நிறங்களாக விரியும். அந்நிறங்களுக்கிடையே மெல்லிய கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் இவையிவை என்று தெரிந்துகொண்டால், கையால் தொட முடியாத விண்மீனில் இருக்கும் பொருள் யாதென இங்கிருந்தபடியே சொல்லிவிடலாம். அந்நாளில் அது புத்தம் புதிய கலை. 1868-இல், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ழான்சென், இம்முறையைக் கொண்டே சூரியனின் விளிம்பில் எழும் சுடர்க்கொழுந்துகளை ஆராய்ந்தார். இங்கிலாந்திலிருந்த நார்மன் லாக்கியரும் அவ்வாண்டிலேயே அத்துறையில் பெரும்பெயர் பெற்றார்.

கருவி வாங்கச் சென்றவர் பெற்ற அறிவுரை

1884-இல் நாயகாம்வாலா கருவிகளைத் தேர்ந்தெடுக்க இங்கிலாந்து சென்றார். கையிற் பணம் இருந்தது. மனத்தில் ஒரு பரிசோதனைச் சாலையே இருந்தது. நேரே கடைக்குச் சென்று பட்டியலைக் காட்டி வாங்கிவர அவரால் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யாது, முதலில் லாக்கியர் முதலிய வல்லுநரை அடுத்து அவர்தம் கருத்தைக் கேட்டார். அவர்கள், "மேசைமேல் வைக்கும் கருவிகளோடு நின்றுவிட வேண்டா, வானையே நோக்கும் கூடமாக அமைக்க" என்னும் பொருள்பட அறிவுறுத்தினர். பரிசோதனைச் சாலையாகத் தொடங்கிய திட்டம் வானாராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது இவ்வாறே.

அடுத்து இடம் மாறிற்று. கூடம் பம்பாயில் அமையாமல், 1885-இல் புனே அறிவியற் கல்லூரிக்கென முடிவாயிற்று. பம்பாய் கடலோர நகர்; அதன் வான் ஈரமும் மூட்டமும் மிகுந்தது. புனேயோ கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 560 மீட்டர் உயர்ந்த மேட்டு நிலம். மழைக்காலத் திங்கள்கள் நீங்கலாக ஏனைய நாள்களில் இரவு வானம் தெளிவாயிருக்கும். இன்று தெருவிளக்குகளின் ஒளியில் நாம் அதனை மறந்துவிட்டோம்.

கூடத்தின் அமைப்பு

1888-இல் கூடம் இயங்கத் தொடங்கிற்று. கொடையாளரின் பெயரால் மகாராஜா தக்தசிங்ஜி வானாராய்ச்சிக் கூடம் என அழைக்கப்பெற்றது. அதன் தலைமைக் கருவி, டப்ளின் நகரத்துக் கிரப் நிறுவனத்தார் செய்த 16½ அங்குல ஆடித் தொலைநோக்கி.

வில்லையை விடுத்து ஆடியைத் தேர்ந்ததில் நுட்பம் உண்டு. வில்லை ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வெவ்வேறு இடத்திற் குவிக்கும். ஆடியோ எல்லா நிறங்களையும் ஒரே இடத்திற் குவிக்கும். நிறங்களைப் பிரித்து அளப்பதே நோக்கமாயின் ஆடியே ஏற்றது. மேலும், ஒளியைத் திரட்டும் ஆற்றல் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 அங்குலத் தொலைநோக்கியோடு ஒப்பிட்டால் 16½ அங்குல ஆடி ஏழரை மடங்கு ஒளியைத் திரட்டும். பின்னாளில் ஆங்கிலேய அறிஞர் காமன் செய்த 20 அங்குல ஆடி அதனிடத்திற் பொருத்தப்பட்டது. அங்குலக் கணக்கில் மூன்றரையே மிகுதி; ஒளிக் கணக்கிலோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

எனினும் ஆடிக்கு ஒரு குறையுண்டு. கண்ணாடிமேற் பூசிய வெள்ளி காலப்போக்கில் கறுக்கும். நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கை எவ்வாறு துலக்குகிறோமோ, அதனினும் பன்மடங்கு கவனத்தோடு இதனைப் பேண வேண்டும். உரிய காலத்தில் மறுபூச்சும் இட வேண்டும். அதனைச் செய்யத் தெரிந்த கை ஒன்று கருவியின் அருகில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இத்தகைய கருவியை நிறுவுவதும் எளிதன்று. தொலைநோக்கியின் தூண் கட்டடத்தைத் தொடாமல் தனி அடித்தளத்தின்மேல் நிற்க வேண்டும். இல்லையேல் ஒருவர் நடக்கும் அதிர்வில் விண்மீன் கூத்தாடும். சுழலும் அச்சு வடதுருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்; அச்சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமமாகும். புனேக்கு அது சுமார் 18½ பாகை. பூமி சுழல்வதற்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பக் கடிகாரப்பொறி ஒன்றும் தேவை. சுருங்கக் கூறின், தொலைநோக்கி வாங்குதல் பாதி வேலை. அதனை நிற்கச் செய்தல் மறுபாதி.

கூடம் கண்ட பயன்

ஆசிரியர் ஒருவரின் கையில் அக்கூடம் வெறும் காட்சிப்பொருளாய் நின்றுவிடவில்லை. மிருகசீரிட மண்டலத்தின் பெரிய ஒண்முகிலை நாயகாம்வாலா நிறமாலைநோக்கியால் ஆராய்ந்தார். அதன் முதன்மைக் கோடு மக்னீசியத்தால் எழுவது என்று லாக்கியர் கூறிவந்தார். அவ்வாறாயின் அது ஒருபுறம் மங்கிப் படர்ந்த பட்டையாகத் தெரிய வேண்டும். நாயகாம்வாலா கண்டதோ கூர்மையான தனிக்கோடு. 1891-இல் அதனை அவர் வெளியிட்டார். தமக்கு வழிகாட்டிய பெரியவரின் கொள்கைக்கு மாறாயிருந்தும், கண்டதைக் கண்டவாறே எழுதினார். அக்கூடத்தின் மிகப் பெரிய பாடம் இதுவென்பேன்.

1898 சனவரி 22-இல் இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. நாயகாம்வாலாவின் குழு ஜேவூரில் முகாமிட்டது. அமெரிக்காவின் லிக் வானாராய்ச்சிக் கூடத்தாரும் அவ்வூருக்கே வந்தனர். ஜேவூர் எங்குள்ளது என அன்பர்கள் வினவலாம். புனேயிலிருந்து சென்னைக்குப் புறப்படும் நாம், தவுண்டைக் கடந்து சோலாப்பூரை அடையுமுன் சன்னல் வழியே காணும் சிறு நிலையமே அது. ஆண்டுதோறும் அவ்வழியே ஊருக்குச் சென்றும் யான் அதனை ஒருபொருட்டாக எண்ணியதில்லை. இரண்டு நிமிட இருளைக் காண உலகின் மறுகோடியிலிருந்து அறிஞர் வந்திறங்கிய ஊர் அது என அறிந்தபின், வண்டி அந்நிலையத்தைக் கடக்கும்போது என் பிள்ளைகளை எழுப்பிக் காட்டினேன்.

ஒருவர் தோளில் நின்ற கூடம்

இவ்வளவு சிறப்புற்ற கூடம் எத்தனை ஆண்டு நின்றது? இருபத்துநான்கே ஆண்டு. கற்பித்தல், ஆராய்தல், கருவி பேணுதல் யாவும் நாயகாம்வாலா என்னும் ஒருவரையே சார்ந்திருந்தன. 1911-இல் அறிவியற் கல்லூரி என்ற பெயர் பொறியியற் கல்லூரி என்று மாறிற்று. 1912-இல் நாயகாம்வாலா ஓய்வு பெற்றார். அவரோடு கூடமும் மூடப்பட்டது. பணம் இல்லாமையால் அன்று. கருவி பழுதுற்றமையாலும் அன்று. அவர் விட்ட இடத்தில் தொட அடுத்தவர் இல்லை.

கருவிகள் கொடைக்கானலுக்கு அனுப்பப்பெற்றன. 1899-இல் அங்கே தொடங்கிய சூரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு அப்போது எவர்ஷெட் தலைவர். இருபது ஆண்டுகளாகச் சரக்கு அலுவலகத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதும் எனக்கு, அப்பெட்டிகள் கட்டப்பட்ட நாள் கண்முன் தோன்றுகிறது. அனுப்புநர் புனே, பெறுநர் கொடைக்கானல், சரக்கு கண்ணாடி, எடை இவ்வளவு என்று எவரோ ஒரு குமாஸ்தா எழுதியிருப்பார். ஒரு மனிதரின் இருபத்துநான்கு ஆண்டு உழைப்பு ஒரு பதிவேட்டின் சில வரிகளில் அடங்கியிருக்கும்.

சென்ற கோடை விடுப்பில் குடும்பத்தோடு கொடைக்கானல் சென்றேன். 2,343 மீட்டர் உயரத்தில், குளிர் காற்றில், அக்கூடத்தின் முன் நின்றேன். பிழைப்புக்கெனத் தமிழ்நாட்டை விட்டு யான் புனே வந்தேன். புனேயின் தொலைநோக்கியோ எனக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் அதனைப் பவநகர்த் தொலைநோக்கி என்றே வழங்கினர். கொடையாளரின் பெயர் நிலைத்தது. புனே மாணாக்கருக்கோ அது கைநழுவிப் போயிற்று.

நாம் செய்யத்தக்கது

புனேயின் வானநூற் பற்று அன்றோடு மாய்ந்துவிடவில்லை. அக்கூடம் எழுந்து சரியாக நூறாண்டுக்குப் பின், 1988-இல், பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல் மையம் இந்நகரில் நிறுவப்பட்டது. புனேக்கு வடக்கே கோடத் சிற்றூர்ப் பக்கம், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் வானொலி அலைகளைக் கேட்டு நிற்கின்றன. இவை ஒருவர் தோளில் நிற்பன அல்ல. பலர் கூடிச் சுமப்பன.

ஆதலின் நம் பள்ளிக்குத் தொலைநோக்கி வேண்டா என்று யான் கூறவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் வாங்குமுன் மூன்று செய்ய வேண்டுகிறேன். முதலாவது, நாயகாம்வாலா செய்தது போல் வல்லார் சிலரை அணுகி, எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். நம் நகரிலேயே அத்தகையோர் இருத்தல் நம் நற்பேறு. இரண்டாவது, திரட்டும் தொகை முழுவதையும் கருவிக்கே செலவிடாமல், ஒரு பங்கைப் பராமரிப்புக்கென வங்கியில் இட வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் புகாத பெட்டியும், மாடி அதிர்ச்சி தாக்காத மேடையும் அப்பங்கினின்றே வர வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. ஓர் ஆசிரியரை மட்டும் நம்பாமல் இருவரையேனும் பழக்க வேண்டும். மேல்வகுப்பு மாணாக்கர் நால்வர் கருவியை இயக்கக் கற்று, அடுத்த ஆண்டு நால்வருக்குக் கற்பித்த பின்னரே பள்ளியை விட்டுச் செல்ல வேண்டும். ஒவ்வொரு இரவும் கண்டதை எழுத ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அதனைக் கோடிட்டுத் தைத்துத் தரும் பணியை யான் ஏற்றுக்கொள்கிறேன். என் தொழிலுக்கு இசைந்த கொடை அதுவே.

இது தொலைநோக்கிக்கு மட்டும் உரிய அறிவுரையன்று. நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை இன்று நடத்துபவர் ஒருவரே. நூல்நிலையத்தின் சாவி இருப்பதும் ஒருவரிடமே. அவர்கள் நீடு வாழ்க. ஆயினும் அவர்களுக்கு அருகே இன்னொருவர் இன்றே நிற்கத் தொடங்குவாராக. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, விட்ட இடத்தில் தொடுவாரின்றிப் போவதன் இழப்பு யாதென யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.