காரியதரிசியின் கொப்பி

அண்மையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மாமா, கம்பனிச் செயலாளருக்குப் படிக்கலாம் எண்டு ரீச்சர் சொன்னவ. அது ரைப் அடிக்கிற வேலையோ?" நான் வாய் திறக்குமுன்னரே அவளுடைய அம்மப்பா, "ஓமோம், பெரிய துரைக்குக் கடிதம் எழுதிக் குடுக்கிற வேலை" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார்.

பெரியவரைக் குறைசொல்ல முடியாது. 1887இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. தென் லண்டன் ட்ராம் வண்டிக் கம்பனி ஒன்றின் வழக்கில், செயலாளர் என்பவர் சொன்னதைச் செய்யும் வெறும் பணியாளர். அவருடைய வார்த்தை கம்பனியைக் கட்டுப்படுத்தாது என்று எஷர் பிரபு கருதினார். 84 ஆண்டுகள் கழித்து, 1971இல், அதே நீதிமன்றத்தில் டெனிங் பிரபு காலம் மாறிவிட்டது என்றார். செயலாளர் இப்போது கம்பனியின் முக்கிய அதிகாரி. நிர்வாக விடயங்களில் அவர் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்குக் கம்பனியே பொறுப்பு என்பது அவருடைய தீர்ப்பு. அந்த வழக்கில் செயலாளர் செய்த காரியம், கம்பனியின் பெயரால் மோட்டார்க் கார்களை வாடகைக்கு எடுத்துத் தன் சொந்தத் தேவைக்கு ஓடியது. ஒருவரின் மோசடியால் ஒரு பதவியின் மதிப்பு உயர்ந்தது சட்ட வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

தமிழர் வரலாற்றில் இந்தப் பதவியை வகித்தவர்களுள் நாம் அனைவரும் அறிந்த ஒருவர் இருக்கிறார். ஆனால் அந்தப் பதவிப் பெயரால் அவரை நாம் நினைப்பதில்லை. 1906 ஒக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ. உ. சிதம்பரம்பிள்ளை அதில் உதவிச் செயலாளர். பங்கு சேர்த்ததும், கப்பல் தேடி அலைந்ததும், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கப்பல்களுக்குப் போட்டியாகக் கப்பல் ஓட வழிசெய்ததும் அந்த உதவிச் செயலாளர்தான். 1908 மார்ச்சில் அவர் கைதானார். யூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு ஆட்சியாளரின் பகையும் கட்டணப் போட்டியுமே முதற்காரணங்கள். ஆயினும், பங்குதாரர் பலராக இருக்க, நிறுவனத்தின் சுமை முழுவதும் ஒருவர் தோளில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இலங்கையில் அக்காலத்தில் 'செயலாளர்' என்பது பெரும்பாலும் ஒரு மனிதர்கூட அல்ல. தேயிலைத் தோட்டக் கம்பனிகளுக்குக் கொழும்பு ஏஜென்சி நிறுவனங்களே 'முகவர்களும் செயலாளர்களும்' ஆக இருந்தன. பங்குப் பதிவேடும் பணிப்பாளர் சபைக் கூட்ட அறிக்கையும் வெள்ளையர் நிறுவனங்களின் அலுமாரிகளில் இருந்தன. அங்கே யாழ்ப்பாணத்தார் கணக்கெழுதினார்கள், கடிதம் எழுதினார்கள். சபை மேசைக்கு அருகே அமர்ந்தவர்கள் குறைவு. 1975இல் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையானபோது அந்த ஏற்பாட்டின் அத்திவாரமே போயிற்று. பெரியவரின் 'துரை' எங்கிருந்து வந்தவர் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் அந்தத் தொழிலின் சாரம் எங்கள் குடாநாட்டுக்குப் புதிதல்ல. எங்கள் மண்ணில் கம்பனிகளைவிடக் கூட்டுறவுச் சங்கங்களே வேர்விட்டன. மூளாயில் கூட்டுறவாளர் ஒரு வைத்தியசாலையையே 1936இல் நிறுவினார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம் அவர்கள் அந்த இயக்கத்தின் முன்னோடி, யாழ். நகரின் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊருக்கு ஊர் சங்கம், சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியதரிசி. அவர் கக்கத்தில் மட்டை போட்ட ஒரு கொப்பி. சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பார். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எழுதுவார். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அந்தக் கொப்பிகளின் அருமை 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகே தெரிந்தது. எங்கள் ஊர் வாசிகசாலையின் புத்தகங்கள் திரும்பி வந்தபோது இல்லை. புத்தகம் வாங்கலாம். வாசிகசாலைக்குக் காணி கொடுத்தவர் என்ன நிபந்தனையோடு கொடுத்தார் என்பதைப் பதிந்த கொப்பியை எங்கே வாங்குவது? கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்து ஒன்று சொன்னார்கள். பழைய அங்கத்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். அந்த எல்லை வேலி பல ஆண்டுகள் போடப்படாமலே கிடந்தது. புலம்பெயர் நாடுகளில் பழைய மாணவர் சங்கங்களில் பணம் சேர்த்து மனமுடைந்தவர்களுக்கு நான் மேலும் விளக்கவேண்டியதில்லை.

இன்றைய சட்டத்தில் இப்பணி ஒரு கட்டாயம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி இலங்கையில் ஒவ்வொரு கம்பனிக்கும் செயலாளர் ஒருவர் இருந்தேயாகவேண்டும். சட்டத்தரணிகள், பட்டயக் கணக்காளர்கள் ஆகியோரோடு, இதற்கெனவே படித்துத் தேறிய பட்டயச் செயலாளர்களும் இப்பணியில் இருக்கிறார்கள். லண்டனில் 1891இல் தொடங்கிய அவர்களது நிறுவனம் 1902இல் அரச பட்டயம் பெற்றது. பணிப்பாளரின் சொந்த நலன் ஒரு தீர்மானத்தில் கலந்திருந்தால் அதைப் பதியச் செய்வது, கூட்ட நடப்பெண் போதாதபோது கூட்டம் செல்லாது என்று தலைவரிடமே சொல்வது, ஆண்டறிக்கையைப் பதிவாளருக்கு உரிய காலத்தில் அனுப்புவது எல்லாம் அவர் தலையில்தான். 1992இல் பிரித்தானியாவின் கட்பரி குழு ஒருபடி மேலே சென்று, செயலாளரை நீக்கும் முடிவைத் தலைவர் தனியே எடுக்கலாகாது. முழுச் சபையுமே எடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைப் பிள்ளைக்குச் சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் ஒரு கம்பனியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செய்தியாளனாகப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கையில் சில நூறு பங்குகளே உடையவர், எழுந்து, பணிப்பாளர் ஒருவரின் உறவினருக்குக் கொடுத்த கடன் பற்றிக் கேட்டார். தலைவர் சிரித்துவிட்டு, "இது எழுதத் தேவையில்லை" என்று செயலாளரின் பக்கம் திரும்பினார். செயலாளர் தலையை நிமிர்த்தவில்லை. பேனா மட்டும் நிற்காமல் ஓடியது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்தார்.

பிள்ளை சற்று யோசித்தாள். "அவர் எழுதினதைப் பிறகு வெட்டினவையோ மாமா?"

பொதுக்கூட்ட அறிக்கையைப் பார்வையிடப் பங்குதாரருக்கு உரிமை உண்டு. அந்த ஆசிரியரைத் தேடிப்பிடித்து, அவரைக் கொண்டு பார்த்திருக்கலாம். நான் அன்று இலாபப்பங்கு எத்தனை வீதம் என்ற செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.