மலையகப் பாதையும் மின்னிழுவையும்

மலையகப் புகையிரதப் பாதையின் வரலாறு பெரும்பாலும் கோப்பி, தேயிலை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பாதையில் வண்டிகளை மேலே இழுத்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை.

பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்திருந்தது. 44 அடி ஓடினால் ஓரடி ஏற்றம். 330 அடி ஆரையே கொண்ட வளைவுகள். பட்டிப்பொலையில் 6,200 அடி உயரம். இவ்வேற்றத்துக்கெனவே ஒரே கொதிகலனின் இரு புறமும் இரண்டு இயந்திரத் தொகுதிகளைக் கொண்ட 'கரட்' வகை நீராவி இயந்திரம் 1927 இல் தருவிக்கப்பட்டது. ஆயினும் நிலக்கரி இலங்கையில் விளைவதன்று, கப்பலில் வரவேண்டியிருந்தது.

1954 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம்2 வகை இயந்திரங்கள் வந்தன. ஒன்ராரியோ, அல்பேர்ட்டா எனக் கனேடிய மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கியிருந்தன. இவற்றை 'டீசல்' என்றே அழைக்கிறோம். உண்மையில் சில்லைச் சுழற்றுவது டீசல் அன்று. டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அதிற் பிறக்கும் மின்சாரம் அச்சுகளோடு பொருத்தப்பட்ட மோட்டார்களை இயக்குகிறது. புறப்படும் கணத்திலேயே பேரிழுவை தருவது மின்மோட்டாரின் இயல்பாகலின், மலையேற்றத்துக்கு அது மிகப் பொருந்தியது. ஆகவே மலையகத்தில் மின்னிழுவை இல்லையென்பது பிழை. மின்னிலையத்தையும் எண்ணெய்த் தாங்கியையும் முதுகிற் சுமந்தபடி ஏறும் மின்னிழுவை அது.

வேறு மலைகளில் நிகழ்ந்தது வேறு. முதலாம் உலகப் போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டினால் துன்புற்ற சுவிற்சர்லாந்து, 1920 இல் கொத்தார்ட் மலைப்பாதையை அருவி நீரின் மின்சாரத்தால் இயக்கத் தொடங்கியது. 'முதலை' எனப் பெயர் பெற்ற நீண்ட மூக்குடைய மின்னியந்திரங்கள் அங்கு ஓடின. அவற்றின் உறவினவான 41 இயந்திரங்கள் 1928 முதலாகப் பம்பாயை அடுத்த மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களுக்கு வந்தன. அங்கே ஏற்றம் 37 அடிக்கு ஓரடி. இறங்கும் வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி மீண்டும் கம்பிக்கே அனுப்பும் ஆற்றலும் அவற்றுக்கு இருந்தது.

நம் மலையகத்தில் அருவிகளுக்குக் குறைவில்லை. நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையேயுள்ள பிளக்பூலில் டி. ஜே. விமலசுரேந்திர 1912 ஆம் ஆண்டளவிலேயே சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்தார். களனியின் மேற்கிளை ஆறுகளைக் கொண்டு பெருமளவில் மின்சாரம் பெறலாமென அவர் 1918 இல் எடுத்துரைத்த திட்டம், 1950 இலேயே இலக்சபானாவில் கைகூடியது. பின்னர் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. இவ்வளவும் ஹற்றன் நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் நிகழ்ந்தவை. அம்மின்சாரம் மலையிறங்கிக் கொழும்பு சென்றது; கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய எண்ணெயை எரித்தவாறு புகையிரதம் மலையேறியது.

ஒற்றைப்பாதை, சொற்ப வண்டிகள், ஒடுங்கிய சுரங்கங்கள்: இவற்றுக்காகக் கம்பி கட்டுதல் கட்டுபடியாகாது என வாதிடலாம். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், 1979 இல் மேற்கு ஜேர்மனியின் ஹென்ஷல் ஆலையில் எம்6 வகை இயந்திரங்கள் உருவாகியபோது எண்ணெய் நெருக்கடி இருமுறை உலகை உலுக்கியிருந்தது. அவையும் டீசலே. மின்கம்பிகள் மேலே செல்ல, பாதையோரத்து லயங்கள் பலவற்றில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்துகொண்டிருந்தது.