அழுத்திப் பார்க்காத கம்பி

காரைக்கால் கரையோர மீனவர் ஊர்களில் ஒன்றான கோட்டுச்சேரிமேட்டுக்குக் கண்ணாடி இழை புதுச் சரக்கல்ல. 1979-இல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் சோழமண்டலக் கரையில் ஃபைபர் படகைச் சோதித்துப் பார்த்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரம் விட்ட இடத்தையும் அந்தப் படகுகளே பிடித்தன. அதே இழை பிசினில் தோய்ந்து இப்போது கட்டடக் கம்பியாகவும் வருகிறது. உப்புக்காற்றில் டி.எம்.டி. கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளப்பதைப் பார்த்த கரைக்குத் துருப்பிடிக்காத கம்பி மேல் ஆசை வரத்தானே செய்யும்? இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023-இல் இந்தக் கம்பிக்கெனத் தரவிதிகளை வெளியிட்டது. ஆனால் விற்பவர் பெருமையாகச் சொல்வது இழுவிசைக் கணக்கைத்தான். விவரப் பட்டியலில் அழுத்தினால் எவ்வளவு தாங்கும் என்ற கட்டம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. கம்பியின் பலவீனத்தை மறைத்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்வதைவிட, அதைப் பிடித்து அழுத்த ஒப்புக்கொண்ட முறை இல்லாததே காரணம் என்று கொள்வது சரி.

கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது. இழையும் அப்படித்தான், பிசின் பக்கவாட்டில் தாங்கும்வரை நிற்கும், அது தளர்ந்தால் மடங்கும். சோதனைத் துண்டு குட்டையாக இருந்தால் முனை துடைப்பம்போல் விரிகிறது. நெட்டையாக இருந்தால் நடுவில் வளைகிறது. பிளாஸ்டிக் கட்டைகளுக்கு எழுதிய அமெரிக்க டி695 முறை இதற்குப் பொருந்தவில்லை. 1990 வாக்கில் கிடைத்த முடிவுகளின்படி அழுத்த வலிமை இழுவலிமையில் கண்ணாடி இழைக்கு 55 சதவீதம், கரி இழைக்கு 78, அராமிடுக்கு 20. கென்டக்கி ஆய்வாளர்கள் 45 கண்ணாடி இழைக் கம்பிகளை வெவ்வேறு நீளங்களில் அழுத்தி 2003-இல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறையப் பாதி என்றே சொன்னது. பாதி என்பது ஒன்றுமில்லாமை அல்ல. ஆனாலும் கனடாவின் 2012 விதி இந்தக் கம்பியைத் தூணில் இடவிட்டு, அழுத்தம் தாங்கும் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது.

அழுத்தத்தைத் தாங்கக் கான்கிரீட் இருக்கிறதே, இந்தச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். பாதி நியாயம் உண்டு. கான்கிரீட் நொறுங்கும்போது நீளத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குதான் குறுகியிருக்கும். 50 கிகாபாஸ்கல் விறைப்புள்ள கம்பி அந்தக் குறுக்கத்தில் 150 மெகாபாஸ்கல்தான் சுமக்கும். அதன் முழு வலிமைக்கு அங்கே வேலையே வராது. இந்த வாதம் மேல்காரை உதிரும்வரைதான் செல்லும். தூண் இருபுறமும் ஆடி, அந்த மேல்காரை பெயர்ந்தபின், இரண்டு ரிங்குகளுக்கு நடுவே கம்பி தனியே நிற்கிறது. எவ்வளவு நீளத்தில் அது வளையும் என்பதைத்தான் அந்த 45 கம்பிகளும் அளந்தன. ரிங் இடைவெளியை முடிவுசெய்பவருக்கு அந்த அளவு வேண்டும்.