பாக்கி: ஒரு சொல்லின் கணக்கு



மூன்றெழுத்துச் சொல் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பாக்கி. அரபியில் அது எஞ்சுவது, அழியாதது. 'அல்-பாகி' இறைவனின் திருப்பெயர்களில் ஒன்று. இந்தியிலும் உருதுவிலும் மீதி. மலையாளத்தில் கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறையும் பாக்கிதான். நம்மிடம் அது கடனாகிவிட்டது.

காரணம், இந்தச் சொல் வரிக்கணக்கோடு புழங்கிய சொல். ஜமா, வசூல், பாக்கி: விதித்தது, தண்டியது, நின்றது. 1792இல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பெனியின் கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரியைத் தொடங்கியது இங்கேதான். ரயத்துக்குத் தனிக்கணக்கு வந்தது. நிலமில்லாத பண்ணையாளுக்கு அந்தப் பேரேட்டில் இடமில்லை. அவர் கணக்கு பண்ணயக்காரர் வீட்டில் இருந்தது.

இப்போது குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளுக்கு வருவோம். பண்ணயத்தை விட்டு வெளியேறிய அருந்ததியர் உட்படப் பல சாதியினர் அங்கே தறி ஓட்டுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது முதலாளி தரும் முன்பணத்துக்கு அங்கே வழங்கும் பெயர் பாக்கி. பாகிஸ்தான் செங்கல் சூளைகளில் இதே பணம் 'பேஷ்கி', அதாவது முன்னதாகத் தருவது. நம் ஊரிலோ பணம் கைக்கு வரும் நொடியிலேயே அதற்குக் கடன் நிலுவை என்று பெயர். ஒரு முழம் துணிகூட இன்னும் நெய்யவில்லை, அதற்குள் பாக்கிக்காரர்!

ஆள் தட்டுப்பாட்டுக் காலத்தில் தொழிலாளர்கள் பெரிய பாக்கி கேட்டுப் பேரம் பேசியதும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டித்தான் ஆளை எடுக்கிறார். தறி மாறுகிறது, பாக்கி கூடவே போகிறது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 6ஆம் பிரிவில், கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பே அற்றுப்போனது என்கிறது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரியவந்தால் அதன் பின்னே முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சட்டம் பேசும் 'கொத்தடிமைக் கடன்' என்ற சொல் தறிக்கூடத்தில் யார் வாயிலும் வருவதில்லை. அதிகாரி வந்து "நீங்கள் கொத்தடிமையா?" என்று கேட்டால், மானமுள்ள யார் ஆமென்பார்?

களத்துக்குப் போகும் மாணவர்கள் அப்படிக் கேட்காதீர்கள். பாக்கி எவ்வளவு, என்றைக்கு வாங்கியது, வாரக்கூலியில் எவ்வளவு பிடிக்கிறார்கள், தீர்க்காமல் வேறு தறிக்குப் போக விடுவார்களா என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே, தேதியும் தொகையும் போட்டு எழுதி வாருங்கள்.