கேஸ் வாட்டர் ஹீட்டரில் 11, 12, 10: திரையில் வரும் எண் என்ன சொல்கிறது?

கேமரன் மலை: விடியற்காலை ஐந்தரை மணி. திரிங்காப்பில் ஒரு வீட்டில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்காகக் குழாயைத் திறக்கிறார்கள். இரண்டு நிமிடம் சுடுநீர் வருகிறது, பிறகு பச்சைத் தண்ணீர். ஹீட்டரின் திரையில் 12 என்ற எண் மின்னுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடியும் எரிகிறது. சற்று நேரத்தில் மறுபடியும் 12. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை இந்தக் காட்சி பல வீடுகளுக்குப் பழக்கமானதுதான்.

கீழே சமவெளியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார ஹீட்டரே போதும். மலையில் கணக்கு வேறு. குழாய் நீர் 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதை 40 டிகிரிக்குக் கொண்டுவர 3.6 கிலோவாட் மின்சார ஹீட்டரால் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர்தான் தர முடியும். ஷவரில் அது நூல் மாதிரி வரும். அதே சூட்டில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டுமானால் 20 கிலோவாட் அளவுக்கு நெருப்பு தேவை. அதனால்தான் மலைவாசிகள் பலர் கேஸ் ஹீட்டருக்கு மாறுகிறார்கள். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி செல்சியஸ், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் பதிவானது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

திரையில் எண் வந்தால் ஹீட்டர் பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது பழுதல்ல. ஏதோ சரியில்லை என்று உணர்ந்து இயந்திரம் தானே கேஸை மூடிக்கொண்டதன் அறிவிப்பு அது. எண்களின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கே சொல்லப்படுபவை ரின்னாய் நிறுவனத்தின் பல மாடல்களில் உள்ளவை. E1, E2 என்று காட்டும் மற்ற ஹீட்டர்களுக்கு அதனதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

11 வந்தால் தீ பற்றவே இல்லை என்று பொருள். முதலில் சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே தோம்பு என்றால், அடுப்பும் எரியாதபோது தோம்பு காலி, அல்லது வால்வு மூடியிருக்கிறது. தோம்பு மாற்றிய கையோடு 11 வந்தால் கவலைப்பட வேண்டாம். குழாய்க்குள் புகுந்த காற்று வெளியேறும் வரை இரண்டு மூன்று முறை திறந்து மூட வேண்டியிருக்கும். கேஸ் வாடை அடித்தால் மட்டும் முயலவே கூடாது.

எண்ணே வராமல், தீயும் பற்றாமல் இருந்தால் தண்ணீரின் வேகத்தைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது ஓடினால்தான் பல ஹீட்டர்கள் விழித்துக்கொள்ளும். மலை ஓடையிலிருந்து குழாய் போட்டு நீர் எடுக்கும் வீடுகளில் மழைக்குப் பிறகு மண்ணும் இலைத்தூளும் நுழைவாயில் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். நீரை மூடிவிட்டு அதைக் கழற்றி பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். திரை இல்லாத பழைய பேட்டரி வகையில் 'டிக் டிக்' சத்தம் பலவீனமாகக் கேட்டால், மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான்.

இந்த மலைக்கே உரிய எண் 12. எரிந்துகொண்டிருந்த தீ நடுவில் அணைந்துவிட்டது என்பது அதன் பொருள். தோம்புக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் ஹீட்டருக்குப் போகிறது, ஆவியாவதற்கு வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். 20 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஒன்றரை கிலோ கேஸ் குடிக்கும். குளிர்ந்த விடியலில், பாதிக்கும் கீழே இறங்கிவிட்ட 14 கிலோ தோம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தோம்பின் அடிப்பகுதி தொட்டால் சில்லென்று, வேர்த்து இருக்கும். ஒருவர் குளித்து முடித்ததும் அடுத்தவருக்கு 12 வருவது இதனால்தான். மத்தியானம் அதே ஹீட்டர் ஒழுங்காக எரியும். புதிய ஹீட்டர் வாங்கியும் குறை தீராத வீடுகள் பலவற்றில் சங்கதி இதுதான்.

தோம்பைப் படுக்க வைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும், பக்கத்தில் நெருப்பு மூட்டுவதும் ஆபத்து. படுத்த தோம்பிலிருந்து கேஸ் திரவமாகவே குழாய்க்குள் பாய்ந்துவிடும். சூட்டை 45 டிகிரியிலிருந்து 40க்குக் குறைப்பது, ஒரே நேரத்தில் இரண்டு குழாய்களைத் திறக்காமல் இருப்பது ஆகியவை உடனடி வழிகள். நிரந்தரத் தீர்வு, இரண்டு தோம்புகளை முறைப்படி இணைப்பது. அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் பொருத்துநர்தான் செய்ய வேண்டும்.

10 என்ற எண்ணை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று உள்ளே வரும் வழியோ புகை வெளியேறும் வழியோ அடைபட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. குளவிக்கூடு, பறவைக்கூடு, குளிருக்குப் பயந்து குழாய் வாயில் செருகிய துணி, எதுவாகவும் இருக்கலாம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று, அடைபட்ட வழி, சாத்திய ஜன்னல் மூன்றும் சேர்ந்தால் கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், ஏனென்றால் வாடைக்காகவே ஒரு பொருளைக் கலந்திருக்கிறார்கள். இதற்கு அந்த வசதி கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம் போன்ற மயக்கம் என்று தொடங்கும். குளித்துக்கொண்டிருப்பவர் சளி பிடிக்கிறது என்றுதான் நினைப்பார். அப்படி ஏற்பட்டால் உடனே வெளியே வந்து, ஹீட்டரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து 999க்கு அழைக்க வேண்டும்.

எனவே 10 வந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது தவறு. வெளிப்புற வாயைப் பார்த்து அடைப்பை எடுத்த பிறகும் வந்தால் அன்றைக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்வதே நல்லது. மஞ்சளாக ஆடும் தீயும், ஹீட்டரின் மேல் படியும் கரியும் இதே எச்சரிக்கைதான். புகைபோக்கி இல்லாத வகையைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது.

14 என்பது அதிக வெப்பத்தால் உருகும் பாதுகாப்பு ஃபியூஸ். அதைக் கம்பியால் இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். 32, 33 வெப்ப உணரிகளையும் 61 விசிறியையும் குறிப்பவை. இவையெல்லாம் டெக்னீஷியன் வேலை.

அவரை அழைக்கும் முன் திரையில் உள்ள எண்ணையும், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் தகட்டையும் படம் எடுத்து அனுப்பிவிட்டால், சரியான உதிரிப்பாகத்தோடு மலையேறி வருவார். எத்தனை மணிக்கு வந்தது, தோம்பு மாற்றி எத்தனை நாளாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.